துச்சாதனனுக்கு ஒரு செம்பு மோர்

சென்ற வருஷம் நமது வகுப்புச் சிறுமி ஒருத்தி கதையொன்று எழுதிக் கொணர்ந்தாள். அதில் ஒரு கிழவி, பிறந்த பெண் சிசுவுக்குத் தான் எருக்கம்பால் புகட்டியதைக் கண் கலங்காமல் "நான், நான்" என்றே சொல்லிக்கொண்டு போகிறாள். 1992-ல் சேலத்தில் தோன்றிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நமது தருமபுரிக்கும் வர நேர்ந்தது ஏன் என்பது நேயர்கள் அறிந்ததே. காதில் விழாத சங்கதியை அவள் எழுதிவிடவில்லை. நாமோ, "உனக்கு இப்படியும் எண்ணம் வருமா?" என்று சிவப்பு மையினால் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம்!

அந்தக் கோடையிலேயே பக்கத்துக் கிராமத்தில் பாரதக் கூத்துப் பார்க்கச் சென்றோம். துகிலுரியும் கட்டம். துச்சாதன வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் கூத்து நின்றது. கற்பூரம் ஏற்றி, திரௌபதி அம்மனைப் பிழை பொறுக்க வேண்டிக்கொண்டார். பிறகு அவர் உறுமிய உறுமலில் குழந்தைகள் அலறின. படுகளத்தன்று பெண்கள் துரியோதனனுடைய மண்ணுருவைத் துடைப்பத்தால் அடித்தார்கள். துச்சாதனனாக நின்றவரோ அப்பெண்களில் ஒருத்தி கொடுத்த மோரைத் திண்ணையில் அமர்ந்து பருகிக்கொண்டிருந்தார். வேஷம் வேறு, ஆள் வேறு என்று அங்கே எவருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

பத்திரிகை படிக்கும் நமக்குத்தான் இது கைவரவில்லை. 1966-ல் ஜெயகாந்தன் "அக்கினிப் பிரவேசம்" எழுதினார். கெடுக்கப்பட்டு வந்த மகளைத் தாய் நீராட்டி ஏற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான். கண்டனங்கள் குவிந்தன. அவர் அஞ்சினாரில்லை. அத்தாய் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகும் என்று ஒரு நாவலே எழுதினார். அந்தச் "சில நேரங்களில் சில மனிதர்கள்" 1972-ல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. அதில் வரும் வெங்கு மாமா சாஸ்திரம் பேசும் வக்கீல்; தம்மை அண்டி வாழ்ந்த சகோதரியின் மகளையே இச்சிக்கிறவர். அவர் பேச்சிலும் தர்க்கம் இருக்கிறது. அதனாலேயே நமக்குக் குமட்டுகிறது. பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியர் தலைநீட்டி "இவன் அயோக்கியன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் குமட்டல் வந்திருக்குமா? கொடுமையை இனிப்பாக்கி விற்கும் எழுத்தும் உண்டு. அதை எழுதியவரைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அதற்கும் முதலில் கதையை முழுவதும் படித்தாக வேண்டுமல்லவா?

நாம் அந்தக் கிழவியின் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தோம். பள்ளி திறந்ததும் நோட்டை வாங்கிக் கடைசி வரை படித்தோம். இரவில் தொட்டில் கட்டும் கயிற்றைக் கண்டால் மட்டும் கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று முடித்திருந்தாள். சிவப்பு வரியை அடித்து, நமது பிழையை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டோம். அவள் இன்னும் வேறு கதை கொண்டு வரவில்லை.