பெற்றோரின் முறையீடும் உள்ளாட்சியின் பொறுப்பும்

காது கேளாத ஆறு வயது மகளை ஊர்ப் பள்ளியில் சேர்க்க ஒரு தாய் செல்வதாக வைத்துக்கொள்வோம். "இக்குழந்தைக்குக் கற்பிக்க இங்கே ஆசிரியர் இல்லை, சிறப்புப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். சிறப்புப் பள்ளியோ மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் கல்வித் துறையைக் கைகாட்டுகிறார்கள். கல்வித் துறையினர் சமூக நலத் துறைக்கு அனுப்புகிறார்கள். ஓராண்டு கழிந்துவிடுகிறது. முடியாது என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. குழந்தை மட்டும் வீட்டில் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் பலர் கூறும் குறைகளின் பொது வடிவம் இதுவே. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் 5 முதல் 19 வயது வரையிலானோரில் ஏறத்தாழ 27 சதவீதத்தினர் கல்வி நிலையம் எதிலும் ஒருபோதும் சேராதவர்கள். இக்குறையைக் களையச் சட்டங்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் வழியைப் பெற்றோரும், தம் கடமையை உள்ளாட்சி மன்றங்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கருணையிலிருந்து உரிமைக்கு

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மத்திய அரசு 1974இல் தொடங்கியது. அக்காலத்தில் அது ஒரு நலத்திட்டமாகவே இருந்தது. நலத்திட்டத்தின் பயன் கிடைக்காதவர் மனுக் கொடுக்கலாம். உரிமையாகக் கேட்க இயலாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 2002இல் நிறைவேறிய 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. இதனைச் செயற்படுத்த 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை வாய்ப்புக் குன்றிய பிரிவினருள் சேர்த்ததோடு, கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையையும் வழங்கியது.

இதனையடுத்து வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கப்பட்ட குறைபாடுகளின் வகைகளை 7இலிருந்து 21ஆக உயர்த்தியது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அது அளித்தது.

உள்ளாட்சியின் கடமைகள்

பள்ளிக் கல்வி மாநில அரசின் பணி மட்டுமே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைத் தனியே வரிசைப்படுத்துகிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரித்தல், அருகமைப் பள்ளி கிடைக்கச் செய்தல், வாய்ப்புக் குன்றிய குழந்தை வேறுபாடாக நடத்தப்படாமல் காத்தல், சேர்க்கையையும் வருகையையும் கண்காணித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசும் உள்ளாட்சியும் நடத்துகின்ற அல்லது அவற்றின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறது. வேறுபாடின்றிச் சேர்த்தல், கட்டடத்தை எளிதில் புழங்கத்தக்கதாக்குதல், குழந்தையின் தேவைக்கேற்ற உதவி அளித்தல், பார்வையற்ற மற்றும் காது கேளாத குழந்தைகளுக்கு உகந்த மொழியிலும் முறையிலும் கற்பித்தல், கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் முதலியன அதில் உள்ளன. மருத்துவச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையை மறுப்பது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. 40 சதவீத வரம்பு சில சலுகைகளுக்கு உரியது. 16ஆவது பிரிவின் கடமைகளுக்கு அத்தகைய வரம்பு கூறப்படவில்லை.

முறையீடு செல்லும் வழி

குறை தீர்க்கும் முறையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு வகுத்துள்ளது. குழந்தையின் உரிமை குறித்து எவரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து வடிவில் முறையிடலாம். அவ்வமைப்பு உரியவர்களின் கருத்தைக் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அம்முடிவு மனநிறைவு அளிக்காவிடில் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

இங்கு "எழுத்து வடிவில்" என்னும் சொற்களே முக்கியமானவை. வாய்மொழிக் கோரிக்கைக்குக் கெடு இல்லை. எழுதப்பட்ட முறையீட்டுக்கு உண்டு. மனுவைப் பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகைச் சீட்டும், அதிலுள்ள தேதியும் பெற்றோரின் கையில் இருக்கும் சான்றுகள். குழந்தையின் பெயர், வயது, மறுக்கப்பட்ட உதவி, மறுக்கப்பட்ட நாள், கோரும் பரிகாரம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்ட ஒரு பக்க மனுவே போதுமானது.

மற்றொரு வழி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரை அணுகுவது. விசாரணையின்போது, ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் வழங்கும் பரிந்துரையை ஏற்று உரிய அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏற்காவிடில் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும்.

தடைகள் எங்கே?

வழி இருந்தும் பயணம் கடினமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, "உள்ளாட்சி அமைப்பு" என்பது ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி, மாவட்டப் பரிஷத் ஆகியவற்றோடு பள்ளியின் நிர்வாகக் கட்டுப்பாட்டை உடைய பிற அமைப்பையும் குறிக்கிறது. ஆகவே எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்பதே பெற்றோருக்குப் புதிராகிறது. இரண்டாவது, கடமை உள்ளாட்சிக்கு இருந்தாலும், ஆசிரியரை நியமிக்கும் அதிகாரமும் அதற்கான நிதியும் பல இடங்களில் மாநிலத் துறையிடம் உள்ளன. மூன்றாவது, எந்த அமைப்பின் மீது குறை கூறப்படுகிறதோ அதுவே முதல் முடிவையும் எடுக்கிறது.

சிறப்பாசிரியர் பற்றாக்குறை இவை அனைத்தையும் மிஞ்சியது. தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒருவர், மேல்நிலைகளில் 15 பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பில் குறிப்பிட்டது. தேவையான பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இதிலிருந்தே பணியின் தாமதத்தை உணரலாம்.

இத்தகைய சிக்கல்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை மதிப்பிடும் பொறுப்பை உள்ளூர்க் கல்வி மன்றங்களிடம் ஒப்படைத்தது. மன்றங்களின் முடிவுகளை எதிர்த்து முறையிடத் தனித் தீர்ப்பாயம் 1994இல் செயற்படத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குழந்தைக்கான கல்வி, உடல்நலம், பராமரிப்பு ஆகியவற்றின் திட்டத்தை 20 வாரங்களுக்குள் முடிக்கக் கெடு விதிக்கப்பட்டது. கெடு தவறுவதாக அங்கும் பெற்றோர் முறையிடுகின்றனர். எனினும் கெடுவும் தீர்ப்பாயமும் இருப்பதால், தாமதம் மறைந்து கிடக்காமல் பதிவாகிறது.

செய்ய வேண்டியவை

எந்தப் பள்ளிக்கு எந்த அலுவலர் முறையீட்டைப் பெறுவார் என்பதை ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதி வைக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் தேவையை இக்குழுக்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆராய்ந்தால் பல குறைகள் மனுவாக மாறுமுன்பே தீரும். உள்ளாட்சிகள் தம் குழந்தைப் பதிவேட்டைப் பள்ளிச் சேர்க்கையுடன் ஒப்பிட்டால், வீட்டிலேயே இருக்கும் குழந்தை யார் என்பது பெற்றோர் வந்து கூறாமலே தெரிந்துவிடும்.

பெற்றோரின் முறையீட்டைத் தொல்லையாகக் கருதும் மனப்பான்மை மாற வேண்டும். எந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு எது கிட்டவில்லை என்பதைச் செலவின்றி அரசுக்கு அறிவிக்கும் செய்தி அது. மூன்று மாதம் என்பது அலுவலகத்துக்குக் குறுகிய காலமாகத் தோன்றலாம். ஆறு வயதுக் குழந்தைக்கோ அது ஒரு கல்வியாண்டின் கால் பங்கு. அந்தக் கால் பங்கையும் வீணாக்காமல் அவளை வகுப்பறையில் அமர்த்துவதே சட்டத்தின் நோக்கம்.