மடிக்கணினிக்கு ஒரு வெளித்துணை

கணினியின் மூளை எனப்படும் சி.பி.யூ. எவ்வகை வேலையையும் செய்யவல்லது. ஆனால் அதற்குக் கைகள் சிலவே. திரையில் படம் வரைவதற்கென்று தோன்றிய கிராபிக்ஸ் கார்டுக்கோ ஆயிரக்கணக்கான சிறு கைகள் உண்டு. 'ஆர்.டி.எக்ஸ். 3060' என்னும் கார்டில் 3,584 இருக்கின்றன. அவை ஒரே வகைக் கணக்கைச் சேர்ந்தாற்போல் போடும். நைட்டித் தையலுக்குப் பெயர்பெற்ற தளவாய்புரத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மாதிரி ஆயிரம் உருப்படி தைக்க, கைதேர்ந்த நால்வரைவிட நூறு தையல் மிஷின்கள் மேலல்லவா?

2007இல் என்விடியா நிறுவனம் 'கூடா' என்ற மென்பொருளை வெளியிட்டபின், இக்கார்டுகளைப் பொதுக் கணக்குகளுக்கும் பயன்படுத்துவது எளிதாயிற்று.

மெல்லிய மடிக்கணினியில் பெரிய கார்டுக்கு இடமில்லை. அது கேட்கும் 170 வாட் மின்சாரமும் அங்கே கிடைக்காது. ஆகவே கார்டைத் தனிப் பெட்டியில், தனி மின் இணைப்புடன் வைத்து, கேபிளால் மடிக்கணினியுடன் இணைக்கின்றனர்.

இதில் ஒரு குறை உண்டு. மேசைக் கணினியில் கார்டுக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் பதினாறு தடங்கள் கொண்டது; தண்டர்போல்ட் கேபிளிலோ நான்கே தடங்கள். குறுகிய சந்து வழியே ஒவ்வொரு துணியாகக் கொண்டு சென்றால் மிஷின்கள் சும்மா கிடக்கும். மொத்தக் கட்டையும் ஒருமுறை இறக்கிவிட்டால் வேலை தடையின்றி நடக்கும். இங்கும் அப்படியே.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழுவினர் 2023இல் வெளியிட்ட 'இண்டிக்டிரான்ஸ்2' நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கும் அதன் பெரிய வடிவில் ஏறத்தாழ 110 கோடி எண்கள் உள்ளன. எண்ணுக்கு 2 பைட் எனக் கொண்டால் சுமார் 2.2 ஜி.பி. ஆகும். 12 ஜி.பி. நினைவகமுள்ள கார்டில் இது தாராளமாய் அடங்கும். ஒருமுறை ஏற்றியபின், கேபிளில் சொற்கள் மட்டுமே போய்வரும். நினைவகத்தில் அடங்காத பெரிய வேலையானால், கேபிளே தடையாகிவிடும்.

பெற்றோர்களே, பணம் செலவிடுமுன் இரண்டைக் கவனியுங்கள். மடிக்கணினியில் தண்டர்போல்ட் அல்லது அதற்கு இடந்தரும் யு.எஸ்.பி.4 துளை இருக்கவேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் எல்லா 'டைப்-சி' துளையும் உதவாது. அடுத்து, செய்யவிருக்கும் வேலை கார்டின் நினைவகத்தில் அடங்குமா என்று பார்க்கவேண்டும்.

தோழியரே, கார்டு இல்லையே என்று நாம் சோர வேண்டாம். 'கூகுள் கோலாப்' தளத்தில் வரையறைக்குட்பட்டு இத்தகைய கார்டை இலவசமாகப் பயன்படுத்தலாம். முதலில் அங்கே கற்போம். தேவை கண்டபின் வாங்குவோம். இறைவன் தந்த அறிவைப் பிறர்க்கு உதவும் வழியில் செலுத்துவோமாக!