அடிவாரத்தைக் கேட்டீர்களா?

உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது கோம்பை. நாய்க்குப் பெயர்போன ஊர் என்பார்கள் வெளியூரார். உள்ளூராருக்கு அது ஜீப்புகளின் ஊர். பொழுது புலருமுன்னே, தூக்குவாளியும் கையுமாக ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து ஏறுவார்கள். மலைக்கு அப்பால், இடுக்கிச் சீமையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலை. அண்ணாந்து பார்த்தால் இராமக்கல்மேடு. பார்வைக்குக் கூப்பிடு தூரம். ஆனால் வண்டி ஏறும் சாலை இல்லை. கம்பம்மெட்டையோ போடிமெட்டையோ சுற்றித்தான் போகவேண்டும்.

அந்த ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு தோட்டத் தொழிலாளி நம்மிடம் கேட்டார்: "மலையைக் குடைஞ்சு என்னத்தை எடுக்கப் போறாகன்னு கடைசி வரைக்கும் யாருமே சொல்லலையே, தோழர்?"

அவர் கேட்டது தேவாரத்துக்கு அப்பால் உள்ள பொட்டிப்புரத்தைப் பற்றி. அங்கேதான் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதாக இருந்தது. 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். கிளர்ச்சி நடந்தது, வழக்கு நடந்தது, மந்திரிகள் அறிக்கை விட்டார்கள், நாமும் மேடை போட்டுப் பேசினோம். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும், அடிவாரத்தில் குடியிருக்கும் ஒரு மனிதருக்கு அங்கே என்ன நடக்க இருந்தது என்று தெரியவில்லை. இது யார் குற்றம்?

அவருக்கு நாம் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறோம். எடுக்கப் போவது ஒன்றுமில்லை, பாறையைத் தவிர! நியூட்ரினோ என்பது வானிலிருந்து வரும் நுண்துகள். ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி துகள்கள் நம் உடலைத் துளைத்துப் போகின்றன. நமக்குத் தெரிவதில்லை, தீங்கும் இல்லை. அதைப் பிடித்து ஆராய 50,000 டன் இரும்பினால் ஒரு கருவி. மற்ற கதிர்கள் குறுக்கிடாமலிருக்க, தலைக்குமேல் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும். அதற்காகவே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அன்று சில மேடைகளில், நியூட்ரினோவே விஷம், அது தொட்டால் பயிர் கருகும் என்றெல்லாம் பேசினார்கள். நாமும் கீழே உட்கார்ந்து கை தட்டினோம். அது தவறு. விஞ்ஞானத்தை எதிர்ப்பது நம் வேலையல்ல. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில்தான், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகிலேயே முதன்முதலாகக் கண்ட ஆய்வுகளில் ஒன்று நடந்தது. அந்தச் சுரங்கத்தை வெட்டியவர் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன தமிழ்க் கூலிகள் அல்லவா? விஞ்ஞானி இறங்கிய குழியில் நம்மவன் வியர்வை முன்பே இறங்கியிருந்தது. அந்தப் பெருமையை நாம் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்?

இன்னொன்றும் பாருங்கள். கோம்பைக் காட்டில் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று எங்கே, எந்த மாதம், எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று நாடு முழுதும் அளந்து கணக்கெடுக்க முன்நின்றவர் அன்னா மாணி என்ற அம்மையார். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். அதாவது நம் மலையின் மறுபக்கத்துக்காரர். அவர் தொகுத்த அளவீடுகள் 1980-களில் வெளிவந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஓர் ஆராய்ச்சி மக்களுக்கு உதவும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நிலத்தை விற்றவனுக்கு என்ன மிஞ்சியது என்பதை எவரும் அதேபோல் அளந்து பார்க்கவில்லை என்பது வேறு கதை.

ஆகவே நம் வழக்கு ஆராய்ச்சியோடு அல்ல. ஆராய்ச்சி எப்படி நடந்தது, யாரைக் கேட்டு நடந்தது என்பதே வழக்கு.

பொட்டிப்புரத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். முதலில் நீலகிரியில் சிங்காராவைத்தான் குறித்தார்கள். முதுமலைப் புலிகளின் இடம் என்று 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே மறுத்தது. பிறகுதான் நம் மாவட்டத்துக்கு வந்தார்கள். 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஆனால் மலைக்கு அப்பால் ஐந்து கிலோமீட்டருக்குள் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறதே! பக்கத்து மாநில எல்லை அதைவிடக் கிட்டே இருக்கிறதே! இதைச் சொல்லி வழக்குப் போட்டார்கள். தாக்க மதிப்பீட்டை எழுதியது கோவை சலீம் அலி மையம். பறவை ஆராய்ச்சியில் பெரிய பெயர். ஆனால் இத்தகைய மதிப்பீட்டுக்கு உரிய அங்கீகாரம் அதற்கு இல்லை என்றும் வழக்கில் சொல்லப்பட்டது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. டில்லி என்ன செய்தது தெரியுமா? 2018 மார்ச்சில் 'சிறப்பு நேர்வு' என்று சொல்லி, கட்டடம் கட்டும் திட்டங்களின் வகையிலே வைத்து, மறுபடியும் அனுமதி கொடுத்தது! மலையின் வயிற்றைக் கிழித்து இரண்டு கிலோமீட்டர் குடைவது, பட்டணத்தில் மாடிவீடு கட்டுவதைப் போலவாம்! அதே ஆண்டு நவம்பரில், வனவிலங்கு வாரியத்தின் அனுமதி இல்லாமல் தொடங்கக்கூடாது என்றது தீர்ப்பாயம். 2022-ல் தமிழ்நாட்டு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

வெற்றிதான். ஆனால் கோம்பைத் தொழிலாளியின் கேள்வி அப்படியே நிற்கிறதே! தடுத்ததும் நீதிமன்றத்து ஆங்கிலம், கொடுத்ததும் அமைச்சகத்து ஆங்கிலம். நடுவில் அவர் எங்கே?

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, மதிப்பீட்டின் சுருக்கத்தை மக்கள் மொழியில் தரவேண்டும். சுருக்கம் மட்டும்! நோயாளிக்கு வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டுச் சீட்டை மறைத்து வைப்பதுபோல. 2020-ல் அந்தச் சட்டத்தையே மாற்ற வரைவு போட்டார்களே, அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்டார்கள். எல்லா அட்டவணை மொழிகளிலும் பெயர்த்து வெளியிடு என்று டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிடவேண்டியிருந்தது. தமிழனிடம் கருத்துக் கேட்கத் தமிழில் கேட்கவேண்டும் என்பதற்குக் கூட ஒரு நீதிமன்ற ஆணை!

மேற்குமலைத் தொடரைப் பற்றிய காட்கில் குழுவின் கதை இன்னும் விசித்திரம். 2011 ஆகஸ்டில் அறிக்கையைக் கொடுத்தார்கள். ஐந்நூறு பக்கத்துக்கு மேல். மலைத்தொடர் முழுவதையும் மூன்று தரமாகப் பிரித்து, எங்கே சுரங்கம் கூடாது, எங்கே அணை கூடாது என்று வகுத்தார்கள். இது முடிந்த முடிவல்ல, இதை மக்கள் மொழிகளில் பெயர்த்துக் கிராம சபைகளுக்குக் கொண்டுபோங்கள், அவர்கள் திருத்தட்டும் என்றும் சொன்னார்கள். நல்ல வார்த்தை! சர்க்கார் அதைப் பூட்டி வைத்தது. தகவல் ஆணையம் உத்தரவிட்டு, டில்லி உயர்நீதிமன்றமும் சொன்ன பிறகே 2012 மே மாதம் வெளியிட்டது.

பூட்டி வைத்த அறிக்கையைச் சுற்றி வதந்தி வளராமல் என்ன செய்யும்? வீடு போகும், தோட்டம் போகும், யானை வரும் என்ற பேச்சு மலையெங்கும் பரவியது. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு, 2013-ல் மலைத்தொடரில் சுமார் 37 சதவீதத்தை மட்டும் குறித்தது. அதற்கே இடுக்கியில் கடையடைப்பு. உள்ளூர் மக்களுக்குப் பொருளாதார முடிவுகளில் பங்கில்லை என்ற எண்ணம் அந்த அறிக்கையில் இருப்பதாகக் காட்கிலே மனம் நொந்து பகிரங்கக் கடிதம் எழுதினார். நிபுணர் இருவர் மோதிக்கொண்டார்கள். எதிர்த்துக் கடையடைத்தவர்களில் அறிக்கையைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்?

இது ஏதோ மரத்துக்கும் மானுக்கும் ஆன சண்டை என்று எண்ணாதீர்கள் தோழர்களே. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. உறங்கிக் கொண்டிருந்த சுமார் 70 உயிர்கள்! அத்தனையும் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்கள். சரிவு எது, நிற்கும் நிலம் எது என்ற ஆராய்ச்சி, மேலே பங்களாவில் இருப்பவனைவிடக் கீழே லயனில் படுப்பவனுக்கே முதலில் தேவை. அந்த ஏட்டைப் படிக்கவேண்டியவன் அவன். அவன் கைக்குத்தான் அது வருவதில்லை.

கிராம சபையில் கேட்கலாமே என்பார்கள். கோம்பை பேரூராட்சி, கிராம சபை என்பது கிராம ஊராட்சிக்குத்தான். பக்கத்துப் பொட்டிப்புரத்துக்காரன் சபையில் எழுந்து கேட்கலாம். அதே மலையின் நிழலில் இருக்கும் கோம்பைக்காரனுக்கு அந்தப் பாத்தியதை கிடையாது! 2022-ல்தான் பேரூராட்சிகளுக்கும் பகுதி சபை என்ற ஏற்பாடு வந்தது. வந்திருப்பதை நாம் பயன்படுத்துகிறோமா? தெருவிளக்கும் சாக்கடையும் பேசியாகவேண்டும், மறுக்கவில்லை. மலையைப் பற்றிய அறிக்கை முழுதும் தமிழில் இந்த வார்டுக்கு வரவேண்டும், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் அதை உரக்கப் படிக்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் போட எவ்வளவு நேரமாகும்? நம் கிளைத் தோழர்கள் இதற்கு டில்லிக்குப் போகவேண்டியதில்லை.

வயநாட்டில் நிலம் சரிந்த மறுநாள், 2024 ஜூலை 31-ல், மேற்குமலையைப் பற்றிய வரைவு அறிவிக்கையை ஆறாவது முறையாக வெளியிட்டார்கள். 56,825 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுக்குரியது 6,914. ஆட்சேபம் சொல்ல 60 நாள் தவணை. கோம்பைத் தொழிலாளி இருட்டில் ஜீப் ஏறி இருட்டில் இறங்குகிறவர். அந்த 60 நாளில், அவர் வீட்டு வாசலுக்கு யாராவது அந்தத் தாளைக் கொண்டுபோனார்களா? நாம் கொண்டுபோனோமா?