லிங்கன் வைத்தியசாலையின் நச்சுநீக்கப் பணி: ஒரு சமூகவியல் நோக்கு

போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கு அளிக்கப்படும் சிகிச்சை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றிலே நின்று எழுதுவதை அவதானிக்கலாம். ஒரு சாரார் அடிமைநிலையைத் தனிமனிதனது ஒழுக்கக் குறைபாடாகக் கொள்வர். ‘கள்ளுண்ணாமை’ எனத் தனி அதிகாரமே வகுத்த அறநூல் மரபிற் பயின்ற எமக்கு இந்நிலை புதியதன்று. மறுசாரார் அதனை உடலின் நோயாக மாத்திரம் கண்டு மருந்தோடு அமைவர். இவ்விரு நிலைகளுக்கும் புறம்பாக, அடிமையானவனைச் சமூகத்துள் வைத்துச் சிகிச்சை செய்ய முற்பட்ட முயற்சியொன்று 1970 ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரத்திலே தோன்றிற்று. லிங்கன் வைத்தியசாலையின் நச்சுநீக்க நிலையம் எனப்படும் அதன் பணிகளை விளக்குவதும், அவற்றுள் நிலைத்தவை எவை, பிழைத்தவை எவை என நோக்குவதும் எமது கருத்தாகும்.

லிங்கன் வைத்தியசாலை தென் புறொங்ஸ் பகுதியில் உள்ளது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த தொழிலாளரும் கறுப்பின மக்களும் செறிந்து வாழ்ந்த பகுதி இது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக நகரை விட்டு அகன்றன. வேலையற்ற இளைஞர் கூட்டம் பெருகிற்று. வைத்தியசாலைக் கட்டடமோ பாவனைக்கு உதவாததென அதிகாரிகளாலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. அயலவர் அதனைக் ‘கசாப்புக் கடை’ என்றே வழங்கினர். இத்தகைய சூழலிலேதான் ஹெரோயின் பரவிற்று. 1898 இல் ஜேர்மனியின் பாயர் நிறுவனம் இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொணர்ந்த பண்டம் அது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும். அக்கால நியூ யோர்க்கின் இலக்கியமும் இதற்குச் சான்றாகின்றது. ஜேம்ஸ் போல்ட்வினின் ‘சொனியின் புளூஸ்’ (1957) என்னும் சிறுகதையும், பிரி தோமஸ் 1967 இல் வெளியிட்ட தன்வரலாறும் ஹெரோயினைத் தனியொருவனின் வீழ்ச்சியாகக் காட்டுவதோடு நில்லாது, அவன் வாழ்ந்த தெருவின் வரலாறாகவும் காட்டுகின்றன. புள்ளிவிபரம் தேடுவோர் இவ்விரு நூல்களையும் படித்துவிட்டுத் தேடுவது நன்று.

1970 யூலை 14 ஆம் திகதி ‘யங் லோர்ட்ஸ்’ என்ற புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் இயக்கத்தினர் வைத்தியசாலைக் கட்டடமொன்றைச் சில மணி நேரம் கைப்பற்றி வைத்திருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களும், கருஞ்சிறுத்தைகள் கட்சியினரும், வைத்தியசாலை ஊழியர் சிலரும், அயலிலிருந்த முன்னாள் அடிமைகளும் ஒருங்குசேர்ந்து தாதியர் விடுதியின் தளமொன்றைத் தம்வசமாக்கிப் போதையினின்று விடுவிக்கும் நிலையத்தை அங்கேயே தொடங்கினர். இத்துணைப் பெரிய வைத்தியசாலையில் அத்தகைய சிகிச்சைக்கு இடமில்லை என்பதே அவர்களது முறைப்பாடு. நிருவாகம் இறுதியில் இணங்கிற்று. பின்னர் அரச நிதியும் கிடைத்தது.

இனி நச்சுநீக்கம் என்பது யாதென நோக்குவோம். ஹெரோயினை நாள்தோறும் ஏற்றிக்கொள்பவனின் உடல் அதற்கு இசைந்துவிடுகின்றது. அது கிடையாதவிடத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துள் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர்வடிதல், மயிர்க்கூச்செறிவு, வயிற்றுளைச்சல், எலும்புவலி, உறக்கமின்மை என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் இவை உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். மதுவை நெடுங்காலம் அருந்தியவன் அதனைத் திடீரென விட்டால் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெரோயினை விடுவதால் அத்தகைய மரணம் நேர்வது அரிது. ஆயினும் அவ்வேதனையைத் தாங்கமாட்டாதே பலர் மீண்டும் ஊசியை நாடுவர். லிங்கன் நிலையத்தில் இதற்கு மெதடோன் வழங்கப்பட்டது. வாய்வழி உட்கொள்ளப்படும் இம்மருந்தின் செயல் ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், ஹெரோயினுக்குப் பதிலாக இதனைக் கொடுத்து, பத்து நாட்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

மருந்து இவ்வளவே. நிலையத்தின் தனித்தன்மை ஏனைய பணிகளிலே தங்கியிருந்தது. ஆலோசகருட் பலர் தாமே ஹெரோயினிலிருந்து மீண்டவர்கள். வேதனையில் துடிப்பவனோடு அவனது மொழியிலேயே பேசக்கூடியவர்கள். அரசியல் கல்வி வகுப்பு சிகிச்சையின் ஓர் அங்கமாகக் கொள்ளப்பட்டது. தன் தெருவுக்கு ஹெரோயின் எவ்வழியாக வருகின்றது, அதனால் இலாபமடைவோர் எவர் என நோயாளி அங்கு வினவக் கற்றான். கருஞ்சிறுத்தைகளுள் ஒருவரும் ஒருகாலத்தில் ஹெரோயினுக்கு அடிமையாயிருந்தவருமான மைக்கேல் டேபர் எழுதிய ‘முதலாளித்துவமும் போதையும் சேர்ந்தால் இனக்கொலை’ என்னும் பொருள்படும் தலைப்பைக்கொண்ட துண்டுநூல் அக்காலத்திற் பரவலாக வாசிக்கப்பட்டது. அதன் தலைப்பே வாய்பாடாக அமைந்துவிட்டது. வாய்பாடுகளின் பலமும் பலவீனமும் அதற்கு உண்டு.

பத்து நாட்களில் மருந்து நிறுத்தப்பட்ட பின்னர் என்ன செய்வது என்ற வினா எழுந்தபோதே அக்குபங்சர் அங்கு புகுந்தது. ஹொங்கொங்கில் வைத்தியர் வென் என்பார், அக்குபங்சர் செய்யப்பட்ட அபின் அடிமைகளிடம் விலகல் வேதனை தணிந்ததென 1973 இல் அறிவித்தார். சீனத்தின் மக்கள் வைத்தியத்தை வியந்து நோக்கிய லிங்கன் ஊழியர் இச்செய்தியை உற்சாகத்தோடு ஏற்றனர். அரசியல் கல்வியாளராக வந்த முட்டுலு ஷகூர் அக்கலையைக் கற்றுச் சிகிச்சையாளரானார். காதின் ஐந்து இடங்களில் ஊசி குத்தும் முறை அங்கேயே உருவாயிற்று. எனினும் பிற்காலத்தில் நடைபெற்ற கட்டுப்பாட்டுச் சோதனைகள் இம்முறைக்குச் சாதகமாய் அமையவில்லை. கொக்கெயின் அடிமைகளிடம் 2002 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பொய்யான இடங்களில் குத்திய ஊசியைவிடக் காது ஊசி மேலான பயனெதனையும் தரவில்லை. மலிவானது, மக்களே கற்கக்கூடியது என்னும் காரணங்களால் ஒரு முறை உண்மையாகிவிடாது.

இதனினும் பாரதூரமான பிரச்சினையொன்று உண்டு. 1965 இல் டோல், நைஸ்வாண்டர் என்னும் இருவர் மெதடோனைக் குறைத்து நிறுத்தாது நெடுங்காலம் தொடர்ந்து வழங்கும் முறையை வெளியிட்டனர். லிங்கன் இயக்கத்தினர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஹெரோயினின் சங்கிலிக்குப் பதிலாக அரசின் சங்கிலி என்பது அவர்களது வாதம். மக்களைக் கொந்தளிக்காது வைத்திருக்க அரசு மருந்தை நாடும் என்ற அவர்களது ஐயத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும் உண்மை வேறு திசையைக் காட்டுகின்றது. நச்சுநீக்கத்தோடு நிற்பவருட் பெரும்பாலானோர் மீண்டும் ஊசிக்குத் திரும்புகின்றனர். உடலின் தாங்குதிறன் அதற்குள் குறைந்துவிடுவதால் முன்னைய அளவே அவர்களைக் கொன்றுவிடுகின்றது. தொடர்ந்து மெதடோன் பெறுவோரிடையே மரணம் கணிசமாகக் குறைகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தமைக்கும் இதுவே நியாயம். தோழர்களது நோக்கம் நேரியது என்பதற்காக இத்தவறை நாம் மறைத்தல் ஆகாது. இதில் இழக்கப்படுவது தொழிலாளி வர்க்கத்துப் பிள்ளைகளின் உயிர்.

அதேவேளை, சூழலே அடிப்படை என்ற அவர்களது நிலைப்பாட்டுக்கு எதிர்பாராத திசையிலிருந்து சான்று கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் போதைக்கு அடிமையாயிருந்தான். அமெரிக்க அரசின் வேண்டுகோளின்பேரில் லீ றொபின்ஸ் என்னும் ஆய்வாளர் 1970 களில் அவர்களைப் பின்தொடர்ந்தபோது, நாடு திரும்பியோரில் மிகப் பெரும்பாலானோர் மீண்டும் அடிமையாகவில்லை எனக் கண்டார். போர்க்களம் நீங்கவே பழக்கமும் நீங்கிற்று. தென் புறொங்ஸ் இளைஞனுக்கோ நீங்கிச் செல்ல வேறிடம் இருக்கவில்லை. பத்தாம் நாள் அவன் திரும்பிச் சென்றது அதே தெருவுக்கே.

1978 இல் மேயர் கொச்சின் நிருவாகம் நிதிச் சீர்கேட்டைக் காரணங்காட்டி, பொலிசாரின் துணையுடன் நிலையத்தை வைத்தியசாலையினின்று அகற்றிற்று. அரசியல் ஊழியர் வெளியேற்றப்பட்டனர். உளவைத்தியர் மைக்கேல் சிமித்தின் பொறுப்பில் வேறோரிடத்தில் அக்குபங்சர் தொடர்ந்தது. அவரது முயற்சியால் 1985 இல் தோன்றிய சங்கம் ஐந்து ஊசி முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது. சிறைச்சாலைகளும் நீதிமன்றங்களும்கூட அதனை ஏற்றன. அரசியல் கல்வி வகுப்பை ஏற்ற நிறுவனம் எதனையும் நாம் அறியோம்.