ஒரு பாய்க்கு எத்தனை சதுர அடி?

ஷா ஆலம் நகரம் எழும்புவதற்கு முன் இங்கே சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது. சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலோ, இறங்கியவர்கள்.

அன்று ஆள் ஏற்றும் கப்பலுக்கு அரசின் சான்று வேண்டியிருந்தது. சீனர்களுக்காக 1855-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சீனப் பயணிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஹாங்காங்கிலிருந்து 20 ஆசியருக்கு மேல் ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம் போகும் கப்பல், குடியேற்ற அதிகாரியின் சான்று இல்லாமல் புறப்படக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஆளுக்கு 12 சதுர அடி தளமும் 72 கன அடி இடமும் தர வேண்டியிருந்தது. 12 சதுர அடி என்றால் ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஒரு பாய் விரிக்கலாம், கால் நீட்டலாம். தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் கால் நீட்டவும் இடமில்லை.

தமிழர்களை ஏற்றி வங்காள விரிகுடாவைக் கடந்த கப்பல்களுக்கு இந்திய அரசு தனிச் சட்டங்கள் இயற்றியது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பது சான்றிதழிலேயே இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலுக்கு 5,000-க்கும் அதிகமான தளப் பயணிகளை ஏற்ற அனுமதி கிடைத்தது. சட்டம் அதை ஏற்றது. மனிதர் படுத்துறங்க அது போதிய இடமல்ல. பின்னர் அந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளர்களைப் பயணச் செலவுக்கு உதவி தந்து மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது.

உங்கள் வீட்டில் பழைய கப்பல் சீட்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வந்தவர் பெயரையும் ஊரையும் அதனுடன் எழுதிவைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.