தண்டுக்கீரை விளைச்சலில் உரமும் இடைவெளியும்

முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகிய இரண்டும் அமராந்தசு பேரினத்தைச் சேர்ந்த கீரைகள் ஆகும். இவற்றின் விளைச்சலை உரமும் செடிகளுக்கு இடையிலான இடைவெளியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

விதைத்த 20 முதல் 25 நாட்களில் வேரோடு பிடுங்கப்படும் முளைக்கீரைக்கு நெருக்கமான விதைப்பு ஏற்றது. தண்டு பருக்கும்வரை நிற்கும் தண்டுக்கீரையை நெருக்கமாக விட்டால், செடிகள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு மெலிந்து நீளும். இடைவெளி மிகுந்தால் ஒவ்வொரு செடியும் நன்கு பருக்கும்; ஆனால் செடிகளின் எண்ணிக்கை குறைவதால் பாத்தியின் மொத்த விளைச்சல் குறையும், களையும் பெருகும்.

தழைச்சத்து இலைகளைப் பெருக்கும். அளவு மீறினால் இலையில் நைட்ரேட்டு தேங்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் இது மேலும் கூடும். ஆகவே நெருக்கமான பாத்தியில் செடிகளைக் கலைத்துவிட்ட பிறகே மேலுரம் இடுவது நல்லது.