விவாகரத்து ஊரில் ஒரு காதல் திருவிழா

ஒரு காலத்தில் அமெரிக்கப் பெண்கள் கல்யாணத்தை முறித்துக்கொள்ள ரயிலேறிப் போன ஊர் ரீனோ. 1931-ல் நெவாடா மாநிலம் சட்டத்தைத் தளர்த்தியது. ஆறு வாரம் இங்கே தங்கினால் போதும், விவாகரத்து கேட்கலாம். வக்கீல்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் நல்ல வேட்டை. தீர்ப்பு கையில் கிடைத்ததும் பெண்கள் பாலத்தில் நின்று ட்ரக்கி ஆற்றில் மோதிரத்தை விட்டெறிவார்கள் என்று ஊரே கதை சொல்லும். 2018 மே மாதம் நான் உட்படக் காதல் நாவல் பைத்தியங்கள் எல்லாரும் கூடியது அதே ஊரில்தான். இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவதிக்குக் குறும்பு ஜாஸ்தி!

விழாவின் பெயர் 'ஆர்.டி. புக்லவர்ஸ் கன்வென்ஷன்'. ஆர்.டி. என்றால் 'ரொமான்டிக் டைம்ஸ்'. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் கேத்ரின் ஃபால்க் 1981-ல் தொடங்கிய பத்திரிகை அது. காதல் நாவல் என்றாலே பெரிய பத்திரிகைகள் மூக்கைச் சுளித்த நேரத்தில், ஒவ்வொரு நாவலையும் மதித்து விமர்சனம் எழுதியது. அடுத்த ஆண்டே வாசகர்களையும் எழுத்தாளர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்துவிட்டார் அந்த அம்மாள். 1983 கூத்து இன்னும் பிரமாதம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை 'லவ் ட்ரெயின்'! காதல் எழுத்தாளர்கள் ரயிலில் ஏறி, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய் மாநாட்டில் இறங்கினார்கள். அது 'வேர் த ஹார்ட் ரோம்ஸ்' என்று ஆவணப்படமாகவும் வந்தது.

ரீனோவில் விழா நடந்த பெப்பர்மில் ஓட்டல் ஒரு சூதாட்ட விடுதி. உள்ளே நுழைந்தால் கண்ணைப் பறிக்கும் விளக்குகள், வரிசை வரிசையாக ஸ்லாட் மெஷின்கள். அவற்றின் நடுவே, தோளில் துணிப்பையும் முகத்தில் முப்பத்திரண்டு பல்லுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆண்கள் சிலர் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பைகளில் இருந்த சட்டையில்லாத கதாநாயகர்களின் எண்ணிக்கையைப் பார்த்தே மிரண்டிருக்க வேண்டும்.

லிஃப்டில் ஒரு பாட்டி. தலை பஞ்சாக நரைத்திருந்தது, கையில் ஊன்றுகோல். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பட்டையில் துளி இடம் விடாமல் பேட்ஜ்கள். ஒவ்வொன்றும் ஒரு எழுத்தாளர் கொடுத்தது. ஒன்றில் கோட்டை, ஒன்றில் நிலா, ஒன்றில் பல்லைக் காட்டும் ஓநாய். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ யார் கட்சி? பிரபுவா, ஓநாயா?"

அங்கே ஊர், பேர் எல்லாம் அப்புறம்தான் கேட்பார்கள். லண்டன் பிரபுக்கள் வரும் 'ரீஜென்ஸி' கதைகள் ஒரு கட்சி. பௌர்ணமியில் ஓநாயாக மாறும் நாயகர்கள் வருகிற 'பாராநார்மல்' இன்னொன்று. கௌபாய்க்குத் தனிக் கூட்டம், ஸ்காட்லாந்து வீரனுக்குத் தனிக் கூட்டம். "பிரபுதான்" என்றேன். பாட்டி என் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லை, சின்னப் பொண்ணு, போகப் போக ஓநாய்க்கு வந்துடுவே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கருத்தரங்குகளில்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய சீமாட்டி உள்ளே எத்தனை அடுக்கு உடுத்தியிருப்பாள், அவற்றில் எதெது நாடா, எதெது கொக்கி, நாயகன் அவிழ்க்க எவ்வளவு நேரமாகும் என்று ஒருவர் விளக்க, பக்கத்தில் இருந்த பெண் பொதுத்தேர்வுக்குப் படிப்பவள் மாதிரி குறிப்பெடுக்கிறாள். யாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை. நாடாவைப் பற்றித் தப்பாக எழுதினால் வாசகி கடிதம் போட்டுக் கிழித்துவிடுவாள் என்கிற பயம் அவர்களுக்கு!

அட்டைப்பட ரகசியங்களுக்கு வருவோம். எண்பதுகளில் நியூயார்க் ஸ்டுடியோக்களில் ஆணையும் பெண்ணையும் அணைத்தபடி நிற்கவைத்து, கூந்தல் பறக்க மின்விசிறி போட்டுப் படம் பிடிப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ஓவியர் தூரிகையால் தீட்டுவார். ஃபாபியோ என்ற இத்தாலிய மாடல் நீண்ட பொன்முடியோடு உலகப் புகழ் பெற்றது அப்படித்தான். ஜொஹானா லிண்ட்சே நாவல்களுக்கு அவரை வரைந்த எலேன் டுயிலோ ஒரு பெண் ஓவியர். அட்டையில் அணைப்பு இருக்க வேண்டும் என்ற யோசனைக்கு மூலகாரணம் வாசகி கிடையாதாம். அந்நாளில் புத்தகத்தை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போட்ட விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கண்ணில் படத்தான் அந்த ஏற்பாடு என்று பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வதுண்டு. பழியை மட்டும் காலமெல்லாம் வாசகி சுமந்தாள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இரட்டை அட்டை. வெளியே பூவும் ரிப்பனுமாகச் சாது. ஒரு தாள் புரட்டினால் உள்ளே முழு அணைப்பு! பஸ்ஸில் தைரியமாகக் கையில் பிடித்துக்கொள்ளலாம். ஜெயராஜ் ஓவியம் வந்த வாரப் பத்திரிகையை நியூஸ் பேப்பருக்குள் செருகிப் படித்த நம் தலைமுறைக்கு இந்த வசதி கிடைக்காமல் போயிற்றே.

சனிக்கிழமை ராட்சதப் புத்தகச் சந்தை. முகூர்த்த நாள் கல்யாண மண்டபத்தின் முதல் பந்தி மாதிரி கதவு திறப்பதற்கு முன்பே தள்ளுமுள்ளு. உள்ளே நீள நீளமான மேசைகள். எழுத்தாளர்கள் குடும்பப்பெயரின் அகர வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அகர வரிசை பொல்லாதது. முதல் நாவலோடு வந்த ஒரு இளம்பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கான வரிசை வளைந்து வளைந்து இவள் மேசையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பாவம், புக்மார்க்குகளை அடுக்குகிறாள், கலைக்கிறாள், மறுபடி அடுக்குகிறாள். வரிசையில் நின்ற ஒரு நர்ஸ், "சும்மாதானே நிற்கிறோம், உன் கதையைச் சொல்லு" என்று ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் காது கொடுத்தார்கள். நட்சத்திரத்திடம் நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் நாலைந்து பிரதிகள் விற்றுவிட்டாள். அதில் ஒன்று எனக்கு.

கையெழுத்து வாங்க முறை உண்டு. பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் ஒட்டுச்சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டித் தர வேண்டும். என் பெயரில் இருக்கும் 'ழ'வுக்கு நான் போட்ட ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நட்சத்திரம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "என் அடுத்த ஓநாய்க்கு இந்தப் பெயரை எடுத்துக்கலாமா?" என்றார். தாராளமாக, அம்மணி!

ஹாஸ்டலில் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களைத் தலையணைக்கடியில் ஒளித்து வளர்ந்தவள் நான். 1908-ல் லண்டனில் தொடங்கிய அந்த நிறுவனம் உலகமெங்கும் எத்தனையோ தலையணைகளைப் பார்த்திருக்கும். நான் பெப்பர்மில்லில் கண்ட பெரிய அதிசயம், அங்கே யாருக்கும் தலையணை தேவைப்படவில்லை என்பதுதான். டீச்சர், நர்ஸ், ரிட்டயரான பாட்டி என்று எல்லாரும் அட்டை வெளியே தெரியத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 'நான் இலக்கியமும் படிப்பேன்' என்று கூடவே ஒரு சமாதானம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

அந்த 2018-ஓடு ஆர்.டி. பத்திரிகையும் மாநாடும் நின்றுபோயின. ஃபால்க் ஓய்வுபெற்றார். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மறு வருடமே நியூ ஆர்லியன்ஸில் 'புக்லவர்ஸ் கான்' என்று புதுக்கடை திறந்தார்கள்.

நம் ஊருக்கு என்ன குறைச்சல்? ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் காதல் தொடர் எழுதும் மகள்கள் இருக்கிறார்கள். 'அடுத்த எபி எப்போ?' என்று நள்ளிரவில் அவர்களை விரட்டும் வாசகிகளும் இருக்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது. அதை நடத்தும் பபாசி அண்ணாச்சிமார்களே, வரும் ஜனவரியில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அரங்கை இந்தப் பெண்களுக்கென்று எழுதிக் கொடுங்கள். கூட்டத்தைச் சமாளிக்க ஆட்களை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.